இடம் மாறிய கொம்பு

பத்தொன்பது வயதில்
ஆர்ச்சர்ட் சாலைக் கடையொன்றின் மூன்றாவது மாடியில்
பொறுமை என்று பச்சை குத்தச் சொன்னேன்.
குத்தியவனுக்குத் தமிழ் தெரியாது.
அவன் கணினிக்கும் தெரியாது.
பகரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு
பின்னால் போய்விட்டது.
அப்புறம், எழுத்தைக் காணாத இடத்தில்,
புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம்.
அப்புறம்தான் கால்.
கடைசி மகரத்துக்கும் அதே கதி.
அழகாயிருக்கிறது என்று
நூற்றெண்பது வெள்ளி கொடுத்துவிட்டு வந்தேன்.

பதினைந்து வருடம் கழித்து
பொங்கோலில் பாலர் பள்ளித் தமிழாசிரியை.
வேர்த்து ஊற்றும் மதியத்திலும் முழுக்கைச் சட்டை.
வண்ணம் கரைத்த ஒருநாள் மறந்து மடித்துவிட்டேன்.
ஆறு வயது யாழிசை
நீல விரலால் தொட்டுப் படித்துப் பார்த்தாள்.
"டீச்சர், இது தப்பு.
அழிச்சிட்டு மறுபடி எழுதுங்க."

அழிக்க ஆளுக்கொரு வழி சொன்னார்கள்.
மேலே ஒரு மயிலை வரைந்துவிடு என்றாள்
பக்கத்து வகுப்பு ஹஃபிசா.
ஜோகூரில் பாதி விலை,
சனிக்கிழமை போனால் சாப்பிட்டுவிட்டும் வரலாம்
என்றான் தம்பி துருவன்.
கைபேசி தானாகவே ஒரு களிம்பைக் காட்டியது:
மூன்று வாரம், வலியில்லை, இருபத்தொன்பது வெள்ளி.
அதைப் பூசியவளை எனக்குத் தெரியும்.
ஒன்பதாம் மாடி கஸ்தூரி.
ரோஜா போய்விட்டது.
ரோஜா வடிவிலேயே வெந்த தழும்பு
மின்தூக்கியில் அவள் பொத்தானை அழுத்தும்போதெல்லாம்
பளபளக்கிறது.

கடைத்தொகுதி அழகு நிலையத்தில்
வழவழப்பான புத்தகம் நீட்டினார்கள்.
பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைக் கைகள்.
என் நிறத்துக் கை ஒன்று காட்டுங்கள் என்றேன்.
எல்லாத் தோலும் ஒன்றுதான் மேடம் என்றாள்.
என்ன லேசர் என்றேன்.
நல்ல லேசர் என்றாள்.
பத்துத் தடவைக்கும் இன்றே பணம் கட்டினால்
கழிவு உண்டாம்.

நொவீனாவில் டாக்டர் குவெக்
கையைத் தொடுமுன் காதைப் பார்த்தார்.
தோடு குத்திய இடம் தடித்ததா என்று கேட்டார்.
வெட்டித் தைக்கலாம், நீளமாய்க் கோடு நிற்கும்.
தேய்த்தெடுப்பதை நான் செய்வதில்லை.
லேசர் என்றால் உங்கள் தோலுக்கு நீள அலை,
குறைந்த சூடு, நிறைய இடைவெளி.
அவசரப்பட்டால்
மையோடு உங்கள் நிறமும் போகும்.
சொல்லிவிட்டுத் திரையைத் திருப்பினார்.
ஐந்து மாநிறக் கைகள்.
நான்காவதில்
எழுத்திருந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாய்.
"இது நான் செய்த தவறு" என்றார்.

அந்த நான்காவது கைக்காகவே
அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பேன்.
அவர் விடவில்லை.
முதலில் அந்தப் புள்ளி வட்டத்தில் மட்டும் சோதனை.
ஆறு வாரம் பார்ப்போம்.

கடுகு வெடிக்கும் சத்தம்.
கடுகு தெறிக்கும் சூடு.
தோல் வெள்ளையாய்ப் பொரிந்து
கால் மணி நேரத்தில் அடங்கியது.
மை எங்கே போகும் டாக்டர்?
உடம்பே கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்னும்,
மிச்சம் அக்குள் பக்கம் எங்கோ தங்கும்.
வெளியே போகாதா?
எல்லாமும் போகாது.
வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்,
ஜன்னலுக்கு வெளியே சிங்கப்பூரை வைத்துக்கொண்டு.

எட்டில் நான்கு முடிந்திருக்கிறது.
முழங்கைப் பக்கம் வெளிறிவிட்டது.
மணிக்கட்டை நெருங்க நெருங்க
அவ்வளவு சீக்கிரம் கரையாதாம்.
பொறு போய்விட்டது.
மை மட்டும் இருக்கிறது,
கொம்பு இன்னும் தப்பான பக்கத்தில்.

யாழிசை தொடக்கப் பள்ளிக்குப் போய்விட்டாள்.
கட்டைத் தொட்டுப் பார்க்கும் புதுப் பிள்ளைகளுக்கு
வெண்பலகையில் எழுதிக் காட்டுகிறேன்:
முதலில் கொம்பு. அப்புறம் எழுத்து. அப்புறம் கால்.
"சொல்லும்போது ப-தானே முதல்ல வருது,
ஏன் டீச்சர் கொம்பு முன்னாடி?"
என்கிறான் ஒருவன்.

அதே சந்தேகம்தான்
அந்தக் கணினிக்கும் வந்திருக்கும்.